தெரியல பாய்

ஏழுமலை பெட்ரோல் திருடுகிறார் என்று அந்த ஐப்பசியில் எங்கள் வீடு நம்பியது. யாரும் கண்ணால் பார்க்கவில்லை. ஒரு வாரம் வந்துகொண்டிருந்த பெட்ரோல் ஐந்து நாளில் தீர்ந்தது; அது போதுமானதாக இருந்தது. ஆறு வருடங்களாக எங்கள் காரை ஓட்டியவர் அவர். தினமும் காலையில் அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் வந்து, வண்டியைத் துடைத்து, அப்பாவை நீதிமன்றத்துக்கு அழைத்துப் போவார்.

"வண்டி தானா ரேஸ் ஆவுதுங்கய்யா. கால எடுத்தாலும் சத்தம் எறங்க மாட்டேங்குது. அதான் குடிக்குது" என்று அவர் சொன்னார்.

அப்பா வழக்கறிஞர். கார் ஓட்டத் தெரியாதவர். "நீ மிதிச்சா அது ரேஸ் ஆகாம, பாட்டா பாடும்?" என்று கேட்டுவிட்டுப் பின்னிருக்கையில் ஏறி வழக்குக் கட்டைப் பிரித்துப் படிக்கத் தொடங்கிவிட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் முதலில் சொல்லும் காரணத்தை முப்பது வருடங்களாகக் கேட்டு வந்தவருக்கு இதில் புதிதாக எதுவும் இருக்கவில்லை.

நான் எழுத நினைப்பது ஏழுமலையைப் பற்றி அல்ல. அந்த நம்பிக்கையை எங்கள் வீட்டிலிருந்து அகற்றியவரைப் பற்றி. செங்கம் சாலையில் தகரக் கொட்டகை போட்டுக் கார்களைப் பழுது பார்த்தவர். முன்னால் நின்று பேசும்போது எல்லோரும் அவரை 'பாய்' என்றுதான் அழைத்தார்கள். அவர் இல்லாத இடத்தில், குறிப்பாக டாக்ஸி ஸ்டாண்டில், அவருக்கு வேறு பெயர் இருந்தது: தெரியல பாய்.

பெயர் பொருத்தமானதுதான். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, என்ன கோளாறு என்று கேட்டால் "இன்னும் தெரியல" என்பார். எப்போது கிடைக்கும் என்றால் "தெரியலீங்க." வெளியூரிலிருந்து சாமி கும்பிட வந்தவர்கள் பாதி வழியில் நின்ற காரைத் தள்ளிக்கொண்டு வந்து, இந்த இரண்டு பதில்களையும் கேட்டுவிட்டு, மறுபடியும் தள்ளிக்கொண்டு அடுத்த கொட்டகைக்குப் போனதை நானே பார்த்திருக்கிறேன். அவர் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை.

"அவர்கிட்ட மணி இன்னான்னு கேட்டுப் பாரு. வாட்ச்ச பாத்துட்டு, 'இது ஆறுன்னு காட்டுது, சரியா ஓடுதான்னு தெரியல'ம்பாரு" என்று டாக்ஸிக்காரர்கள் சிரிப்பார்கள்.

ஒல்லியான, உயரமான மனிதர். மெக்கானிக் வேலைக்கு யாரும் உடுத்தாத வெள்ளை முழுக்கைச் சட்டை. கையை முழங்கை வரை நான்கு மடிப்பாக மடித்திருப்பார். அந்தச் சட்டை மாலை வரை பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும். வண்டியில் கை வைக்கும் முன் அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டே நிற்பதால் அழுக்காவதற்கு அதற்கு வாய்ப்பில்லை என்றும் ஒரு கேலி உண்டு. சட்டைப் பையில் ஒரு சாக்பீஸ் இருக்கும். சந்தேகப்படும் இடங்களையெல்லாம் கொட்டகைத் தரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவார். ஒவ்வொன்றாகச் சோதித்து, இல்லை என்று உறுதியானதை மட்டும் அடிப்பார். இரண்டைச் சேர்த்துச் சோதிக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். "ஒரே நேரத்துல ரெண்ட மாத்திட்டா, எதுனால சரியாச்சின்னு எப்பிடித் தெரியும்?" என்பார்.

வண்டி விஷயத்தில் மட்டும்தான் இப்படி என்றால் ஊர் பெயர் வைத்திருக்காது. எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை வேன் வைத்திருப்பவர்; பாயிடம்தான் வண்டியை விடுவார். பெண்ணின் மாமா விசாரிக்கப் போனார்.

"பையன் எப்படி பாய்?"

"மூணு வருஷமா வண்டி கொண்டாந்து உடறாரு. பிரேக் கட்டய ஜாஸ்தி தேச்சிக்கினு வருவாரு."

"அது இருக்கட்டும். குணம் எப்படி?"

"அது தெரியலீங்க."

பெண் வீட்டார் அந்தப் பிரேக் கட்டையைப் பற்றி இரண்டு நாட்கள் ஆலோசித்தார்கள். கடைசியில் திருமணம் நடந்தது, நன்றாகவே இருந்தார்கள். ஆனாலும் அந்த மாமா பாயிடம் பிறகு பேசவில்லை.

அப்பாவுக்கும் அவர்மேல் ஒரு பழைய மனத்தாங்கல் இருந்தது. ஒரு லாரி விபத்து வழக்கில், மோதலுக்கு முன்பே பிரேக் பழுதாகியிருந்தது என்று நிறுவ வேண்டியிருந்தது. லாரியைப் பரிசோதித்தவர் என்ற முறையில் பாயைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினார். "பிரேக் வேலை செய்யலீங்க. அது எப்ப போச்சின்னு எனக்குத் தெரியல" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிவிட்டார். அப்பா எத்தனை விதமாகக் கேட்டும் அதற்குமேல் ஒரு சொல் வரவில்லை. வழக்கு தோற்றது. அன்று வீட்டுக்கு வந்து அப்பா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: "அந்த ஆளை நம்பி வண்டியை விடலாம். வழக்கை விட முடியாது."

ஆக, ஏழுமலையின் புகாரைச் சோதிக்க வண்டி பாயிடம்தான் போனது. திருவண்ணாமலை தனி மாவட்டமான புதிது. வேங்கிக்கால் பக்கம் அலுவலகங்கள் வந்துகொண்டிருந்தன. ஊரில் புதிய கொட்டகைகளும் முளைத்திருந்தன. ஆனாலும் அப்பா வேறு யாரையும் யோசிக்கவில்லை. மூன்று முறை போனது. மூன்று முறையும் பாயின் கொட்டகைக்குள் நுழைந்த வண்டி எந்தக் குறையும் இல்லாமல் சீராக உறுமிக்கொண்டு நின்றது. ஏழுமலை அதன் பக்கத்தில், பொய் சொன்னவர் போலத் தலைகுனிந்து நின்றார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். மூன்று முறையும் பாய் சொல்லியனுப்பியது ஒன்றுதான்: "கோளாறு இன்னான்னு தெரியல."

அப்பா அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார். கார்த்திகை தீபத்துக்கு உறவினர்கள் வருவார்கள், வண்டி ஓட்ட ஆள் வேண்டும்; தீபம் முடிந்ததும் ஏழுமலையை அனுப்பிவிடுவது என்று முடிவானது. காவல் நிலையத்துக்கெல்லாம் போகப் போவதில்லை என்பதைப் பெருந்தன்மையாகச் சொன்னார். ஆனால் வக்கீல் வீட்டில் திருடி வெளியேற்றப்பட்ட ஓட்டுநருக்கு எங்கள் ஊரில் வேறு எவர் வீட்டுச் சாவியும் கிடைக்காது. அது எல்லோருக்கும் தெரியும். ஏழுமலை பின்வாசலுக்கு வந்து அம்மாவிடம் சொன்னதை நான் உள்ளறையிலிருந்து கேட்டேன்.

"வேலை போனா போவட்டும்மா. திருடன்னு பேரு வாங்கிக்கினு எப்பிடிம்மா ஊருக்குள்ள போவேன்? தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணம் பேசி வச்சிருக்கேன். அது நின்னுடும்மா."

 அம்மா உள்ளே வந்து, ஏற்கெனவே துலக்கி வைத்திருந்த செம்பை எடுத்து மறுபடியும் துலக்கினாள்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்குப் பாய் எங்கள் வாசலில் மொபெட்டை நிறுத்தினார். அப்பா செய்தித்தாளுடன் வெளியே வந்தார்.

"நான் கூப்பிடலையே பாய்?"

"கூப்பிடலீங்க. ஏழுமலைய அனுப்பப் போறீங்கன்னு ஸ்டாண்டுல பேசிக்கினாங்க."

"ஆமா. வண்டியில கோளாறு இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இல்லன்னு நான் சொல்லலீங்க வக்கீலய்யா. எனக்குத் தெரியலன்னு சொன்னேன். ரெண்டும் ஒண்ணில்லீங்க."

அப்பாவுக்கு அந்தச் சாட்சிக்கூண்டு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஒரு கணம் உதட்டைக் கடித்துக்கொண்டு, "சரி, பாருங்க" என்றார்.

"எங்கிட்ட வந்து சேரும்போது சரியா இருக்குது. அப்ப வர்ற வழியில இன்னாவோ மாறுது. அதான் இங்கயே பாக்கலாம்னு" என்று பாய் ஏழுமலையிடம் சொல்லிக்கொண்டே, கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார்.

அன்று வண்டி சீராகவே ஓடியது. அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அம்மா கொடுத்த டீயைக் குடித்து, "இன்னிக்கும் தெரியல" என்று சொல்லிப் போனார். மறுநாளும் அப்படியே. அப்பா சன்னல் வழியாக, "கச்சேரி இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார். பாய் மரியாதையாக எழுந்து நின்று, "தெரியலீங்க" என்றார். நான் சிரிப்பை அடக்க உள்ளே போக வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் விடியும்வரை மழை. எங்கள் வீட்டில் காருக்குக் கூரை கிடையாது. ஏழுமலை சாவியைத் திருப்பியதும் இன்ஜின் அலறியது. காலை எடுத்துவிட்டுக் கீழே இறங்கி நின்ற பிறகும் அலறியது.

"பாருங்க பாய்! பாருங்க! உள்ள யாருமே இல்ல! நான் சொன்னேன்ல?" ஏழுமலையின் குரல் உடைந்துவிட்டது.

"இரு. சத்தம் வருது. ஏன் வருதுன்னு இன்னும் தெரியல."

ஈரத் தரையில் சாக்பீஸ் எழுதவில்லை. எங்கள் வாசல் சுவரில் எழுதினார். நான்கு வரிகள். முதலில் சோக் வயரைக் கழற்றினார், சத்தம் குறையவில்லை, முதல் வரியை அடித்தார். மிதியிலிருந்து வரும் கம்பியைக் கழற்றினார், குறையவில்லை. பிறகு ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை இன்ஜினின் இணைப்புகளில் ஒவ்வோர் அங்குலமாக நகர்த்தினார். எங்காவது இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்சினாலும் இன்ஜின் இப்படித்தான் வேகமாக ஓடும் என்று, யாரும் கேட்காமலேயே எனக்கு விளக்கினார். அந்த இணைப்புகளின் மேல் தண்ணீரைச் சொட்டுச்சொட்டாக விட்டுப் பார்த்தார். இடுக்கு இருந்தால் தண்ணீர் அதை நொடி நேரம் அடைக்கும், சத்தம் மாறும். மாறவில்லை. மூன்றாம் வரியும் போயிற்று.

மிஞ்சியது ஒரு சின்னத் திருகு. வண்டி நிற்கும்போது இன்ஜின் எவ்வளவு மெதுவாக ஓட வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. கார்புரேட்டருக்குக் காற்றை விடும் கதவின் நெம்புகோல், காலை எடுத்ததும் அந்தத் திருகின் முனையில் வந்து உட்கார வேண்டும். வேறு யாராயிருந்தாலும் சத்தம் கேட்டதுமே அந்தத் திருகைத் தளர்த்திவிட்டுக் கூலி வாங்கியிருப்பார்கள். பாய் அதைத் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய பஸ் டிக்கெட்டை எடுத்து, திருகுக்கும் நெம்புகோலுக்கும் நடுவில் நுழைத்தார். அது தடையில்லாமல் உள்ளே போய் வெளியே வந்தது.

"லிவர் இதும்மேல ஒக்காரவே இல்ல. வேற எதுவோ புடிச்சி இழுத்துக்கினு இருக்கு" என்றார்.

இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு, மேலே மூடியிருந்த கறுப்பு டப்பாவைக் கழற்றிக் கையை அடியில் விட்டார். விரல்கள் எதையோ தொட்டு நின்றன. அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. ஆனால் என் பக்கத்தில், கதவு நிலையைப் பிடித்தபடி நின்றிருந்த அம்மாவின் கையில் வளையல்கள் ஒன்றோடொன்று மோதின.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. புரட்டாசியில் கீழ்பென்னாத்தூர் சாலையில் எருமை குறுக்கே வந்து, கார் பள்ளத்தில் இறங்கி, அப்பாவின் நெற்றியில் மூன்று தையல் போட்டிருந்தார்கள். கயிறு, மந்திரம் போன்றவற்றில் அப்பாவுக்கு நம்பிக்கை இல்லை. நம்புகிறவர்களைச் சும்மா விடவும் மாட்டார். அம்மா அவருக்குத் தெரியாமல் அம்மன் கோயிலில் கறுப்புக் கயிறு மந்திரித்து வாங்கி வந்தாள். 'வண்டிக்கு உயிர் எங்க இருக்கோ அங்க கட்டுங்க' என்று பூசாரி சொல்லியிருக்கிறார். எதையும் அரைகுறையாகச் செய்யாதவள் அம்மா. ஆயுத பூஜையன்று இன்ஜினுக்குச் சந்தனம் வைப்பதற்காக மூடி திறந்திருந்தது. ஏழுமலை பூசணிக்காய் வாங்கப் போயிருந்தார். "உள்ளே உக்காந்து அந்த மிதியை மிதி. ம், விடு. மறுபடி மிதி" என்றாள். நான் மிதித்தேன். அவள் குனிந்து, நான் மிதிக்கும்போதெல்லாம் எது அசைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான், அம்மாவுக்கு இயந்திரத்தில் ஆர்வம் வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். அசைந்ததைத்தான் அவள் உயிர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். அந்த நெம்புகோலையும் பக்கத்துக் குழாயையும் சேர்த்துக் கட்டிவிட்டாள். காய்ந்திருந்தால் நூல் தளர்ந்து கிடக்கும்; மழையில் நனைந்தால் சுருங்கி இறுகும். பாயின் கொட்டகைக்குப் போய்ச் சேரும் தூரத்துக்குள் இன்ஜின் சூட்டில் மறுபடி காய்ந்துவிடும்.

அப்பா கோட்டு போட்டுக்கொண்டு வெளியே வந்தார். "என்ன பாய்? தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க. கயிறு. நனஞ்சா இறுகி லிவர இழுக்குது."

"கயிறா?" அப்பா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் பார்வை நேராக ஏழுமலையிடம் போனது. "வண்டி கெட்டுப்போச்சுன்னு காட்ட நீயே கட்டினியா?"

ஏழுமலை இல்லை என்று தலையாட்டியதும் அப்பா பாயின் பக்கம் திரும்பினார்.

"யார் கட்டினது பாய்?"

"யாரு கட்டினாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க."

அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.  

அம்மா படியிறங்கி ஈரத்தில் வெறுங்காலுடன் நடந்து போனாள். அப்பாவிடம் போகவில்லை, ஏழுமலையின் எதிரில் போய் நின்றாள்.

"கட்டினது நான்தான் ஏழுமலை. அவருக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு கட்டினேன். சத்தம் போடுதுன்னு நீ சொன்னப்பவே எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்டிருக்கணும். பயந்துட்டேன்."

"அய்யோ, உடுங்கம்மா" என்றார் ஏழுமலை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாச்சு. வண்டியை எடு" என்றார்.

பாய் விரல்களைத் துடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "கோர்ட்டுல ஒருத்தர் மேல தப்பில்லன்னு தெரிஞ்சா, வாயால சொல்லித்தானங்க அனுப்புவீங்க?"

அப்பாவின் கழுத்து சிவந்தது. அவரை அப்படிக் கேட்டவர்கள் எங்கள் ஊரில் அதிகம் இல்லை. கடைசியில், "ஏழுமலை, உன் மேல தப்பில்ல" என்றார். குரல் சற்றுத் தாழ்ந்திருந்தது. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

பாய் அந்தக் கயிற்றை வெட்டவில்லை. ஒரு கம்பி முனையால் முடிச்சைப் பத்து நிமிடம் நிதானமாக அவிழ்த்து, ஒரு காகிதத்தில் வைத்து அம்மாவிடம் நீட்டினார். "எங்க வீட்டுலயும் கட்டுவாங்கம்மா. இங்க வேணாம், இது அசையணும். ஸ்டீரிங் கீழ கட்டிக்குங்க." அம்மா அங்கேயே கட்டினாள். அப்பா பத்து வருடங்கள் அதைப் பார்த்துக்கொண்டே நீதிமன்றத்துக்குப் போய்வந்தார். அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை.

அன்று எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்ட பாய் நேராக டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறார். மொபெட்டை நிறுத்தாமல், ஒரு காலை ஊன்றியபடி, "ஏழுமலை திருடல. எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். அவர் வாயிலிருந்து 'எனக்குத் தெரியும்' என்று அவர்கள் அதற்கு முன் கேட்டதில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை என்று ஏழுமலை சொன்னார். தை மாதம் கல்யாணம் நடந்தது.

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்து, ஒரு மாலை அவருடைய கொட்டகைக்குப் போயிருந்தேன். அப்பாவின் காரை அவர் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தபோது, நெடுநாள் மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"அன்னிக்கு யார் கட்டினதுன்னு உங்களுக்குத் தெரியும்தானே பாய்? அது பூக்கட்டற முடிச்சு."

அவர் சாக்பீஸை விரல்களுக்கிடையே உருட்டினார். "தோணுச்சிம்மா. தோணறத வச்சி ஒரு வீட்டுல, புருசன் முன்னாடி, பொம்பளைய எப்பிடிம்மா காட்டறது?"

"அம்மா சொல்லாம இருந்திருந்தா? ஏழுமலை போயிருப்பாரே."

அவர் சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டார். பக்கத்துக் கடையில் யாரோ இரும்பை அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அத நெனச்சி ரெண்டு நாளு சோறு எறங்கல. நான் செஞ்சது சரியான்னு..." என்றார். முடிக்கவில்லை. அந்த ஒரு முறைதான், அவர் வழக்கமாகச் சொல்லும் சொல்லைச் சொல்ல அவருக்கே மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். அவர்மேல் எனக்கு இருந்த மதிப்பு அன்று குறையவில்லை. ஆனால் அதற்குள் ஒரு சிறு கலக்கம் நுழைந்தது. அது இன்னும் போகவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அவருக்கு நுரையீரலில் நோய் கண்டது. வேலூரில் ஒரு மருத்துவர் இன்னும் ஆறு மாதம்தான் என்று நாள் குறித்தாராம். "வெளிய வந்து, 'பாவம், அவருக்கும் தெரியல'ன்னாரும்மா" என்று பாயின் மனைவி என்னிடம் சொன்னார். அதன் பிறகு பாய் ஒன்றரை வருடம் இருந்தார்.

அவருக்கு அடுத்த ஆண்டு அப்பா போனார். காரை வாங்கிக்கொண்டு போனவர் எந்த ஊர் என்பதை மறந்துவிட்டேன். பாயின் மனைவி சென்னையில் மகளோடு இருக்கிறார். அம்மா வேங்கிக்காலில் என்னுடன் இருக்கிறாள். காது மந்தம், கண் நன்றாகத் தெரிகிறது. மாதம் ஒருமுறை ஏழுமலை வந்து பார்த்துவிட்டுப் போகிறார். அவர் வரும்போது அம்மா தானே எழுந்து நாற்காலியை நகர்த்திப் போடுவாள். யாரையும் செய்ய விடமாட்டாள். அன்று காலை அந்த வாசலில் நின்ற ஐந்து பேரில் நாங்கள் மூவர் இருக்கிறோம்.